ஒன்பது வருடம், 1,36,000 கிலோமீட்டர்: ஒரு மலிவுக் காரின் கேஸ் ஷீட்

என் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. அட்டை நைந்துவிட்டது, ஒரு மூலையில் கிரீஸ் கறை. வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்காகச் செலவழித்த ஒவ்வொன்றையும் அதில் எழுதி வருகிறேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ஆயிற்று. பழக்கதோஷம்தான். நான் பிசியோதெரபிஸ்ட், நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை கொடுக்கிறேன். யாருடைய முழங்கால் இன்றைக்கு எத்தனை டிகிரி மடங்கியது என்று தினமும் குறித்து வைக்கிறவளுக்கு, காருக்கும் ஒரு கேஸ் ஷீட் போடாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் என் தோழி போன் செய்து, "உன்னுது மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன், நம்பி வாங்கலாமா?" என்று கேட்டாள். 'வாங்கு' என்றும் சொல்ல வாய் வரவில்லை, 'வேண்டாம்' என்றும் வரவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள், வண்டி நடுவில் காணாமல் போய்விடும். விலை குறைவு என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிற கம்பெனிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

வண்டி சின்னது. 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடுகிற வகை. அடிமட்ட வேரியன்ட் இல்லை, அதற்கு ஒரு படி மேல். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடுகளுக்குப் போவேன். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஐந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும். காருக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. எஞ்சின் ஒழுங்காகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன். எண்ணெயில் சேர்கிற ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேற நேரமே கிடைக்காது. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை ஸ்டார்ட் செய்தால் பேட்டரியின் உயிர் போகும். கதவைத் திறந்து மூடியே கீல் தேயும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய 1 லட்சம் கிலோமீட்டரும் இப்படி ஓடிய 1 லட்சமும் ஒன்றில்லை. யாராவது "என் வண்டி 2 லட்சம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால், எங்கே எப்படி ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வண்டி எப்படி? எலும்பு கெட்டி, ஜவ்வுதான் தேய்கிறது. என் தொழிலில் ஐம்பது வயதுக்காரர்களைப் பற்றித் தினமும் சொல்கிற வார்த்தை இது. இந்தக் காருக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் எலும்பு. 1,36,000 கிலோமீட்டர் ஓடியும் எஞ்சின் ஹெட்டை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. கியர் பாக்ஸைத் தொடவில்லை. இரண்டு ஆயில் சர்வீஸுக்கு நடுவே எண்ணெய் குறைந்ததில்லை. கம்பெனி புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது. என்னுடையது குட்டிக் குட்டி ஓட்டம் என்பதால் நான் 7,500-லேயே மாற்றிவிடுவேன். இந்த ஒன்றில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

எஞ்சின் இவ்வளவு உழைத்ததற்குக் காரணம், அது புதிய எஞ்சின் இல்லை என்பதுதான். இதே கம்பெனி இதற்கு முன்னால் விற்ற மாடல்களில் பல வருடம் ஓடி, குறைகளெல்லாம் தெரிந்து, சரிசெய்யப்பட்டு, கடைசியில் இந்த மலிவு வண்டிக்குள் வந்து உட்கார்ந்த எஞ்சின். மலிவுக் கார்களின் சூட்சுமமே அதுதான். 2004-ல் டாசியா கம்பெனி லோகன் என்ற காரைக் கொண்டுவந்தபோது, தாய்க் கம்பெனியான ரெனோவின் மற்ற கார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாகங்களை வைத்துத்தான் கட்டினார்கள். இடது வலது இரண்டு பக்கத்துக்கும் ஒரே கண்ணாடி பொருந்துகிற மாதிரி பக்கக் கண்ணாடியைச் செய்தார்கள், டேஷ்போர்டை ஒரே வார்ப்பாக எடுத்தார்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் மிச்சம் பிடித்தார்கள். மாருதி 800 இன்னொரு உதாரணம். 1983-ல் வந்த கார், 2014 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது. அதன் 796 சிசி எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சேர்க்கிற மெக்கானிக்குகள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். பழைய எஞ்சின் என்று கேலி செய்கிறவர்கள், அந்தப் பழசில்தான் நிம்மதி இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. புத்தம் புது தொழில்நுட்பத்துக்கு முதல் வாடிக்கையாளராக இருப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு.

இனி ஜவ்வு.

முதல் வருடம் முடிவதற்குள் டேஷ்போர்டு கிடுகிடுவென்று பேச ஆரம்பித்தது. இடது ஏசி துவாரத்துக்குக் கீழே, சரியாக மூன்றாவது கியரில். ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகினேன், நின்றது. அந்தக் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இதைப் பழுது என்று நோட்டில் எழுதவில்லை.

44,000-ல் பேட்டரி செத்தது. மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஒரு நோயாளியின் வீட்டு வாசலில், மாலை ஆறு மணிக்கு, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். வண்டி என்னைப் பாதியில் விட்ட இரண்டு முறையில் இது முதலாவது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. கம்பெனியில் இருந்தே வருகிறது சின்ன பேட்டரி. அதை ஒரு நாளைக்குப் பதினைந்து முறை பிழிந்தால் என்ன செய்யும்? அடுத்ததை ஒரு அளவு பெரிதாகப் போட்டேன். தட்டில் இடம் இருந்தது, பிடிக்கிற கிளாம்ப் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அது நான்கரை வருடம் வந்தது.

52,000-ல் முன்பக்கம் 'கடக் கடக்' என்றது. வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் சத்தம் வரும், இரண்டும் சேர்ந்து ஏறினால் வராது. ஸ்டெபிலைசர் லிங்க் போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் விரல் தடிமன் கம்பி அது, இரண்டு முனையிலும் ஒரு பந்து மூட்டு. இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். பாதி விலைக்குக் கிடைத்த பெயர் தெரியாத பாகத்தைப் போட்டேன். ஏழு மாதத்தில் மறுபடி 'கடக் கடக்'. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், கார் கம்பெனி இந்தப் பாகங்களையெல்லாம் தானே செய்வதில்லை. வேறு கம்பெனிகளிடம் வாங்கித் தன் டப்பாவில் போட்டு விற்கிறது. பல பாகங்கள் அந்தத் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரிலேயே கடையில் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். அதைத் தேடி வாங்கிப் போட்டேன். இன்றுவரை சத்தமில்லை.

67,000-ல் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே கொஞ்சம் உதறும். பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது எஞ்சின் ஒரு முனை மேலே, மறு முனை கீழே என்று ஊஞ்சலாடப் பார்க்கும். அந்த ஆட்டத்தை உடம்புக்கு வராமல் விழுங்குவதுதான் எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுன்ட்டுகளின் வேலை. ஆனால் இது வழக்கமான உதறல் இல்லை. ஏசியைப் போட்டால் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் வண்டிகளெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "என்னடி, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றாள்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒரு பையன் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே வந்தான். "மேடம், மூணு மவுன்ட்டும் மாத்தணும். கூடவே இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் பண்ணிட்டா வண்டி புதுசு மாதிரி ஆயிடும்." பானட்டை அவன் திறக்கவேயில்லை. மூட்டு வலி என்று வந்தவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாலு ஸ்கேன் எழுதித் தருகிற மாதிரி இருந்தது. அதற்கு முன்பும் 20,000 கிலோமீட்டர் சர்வீஸில் இதே பட்டியலைத்தான் நீட்டினார்கள். புத்தகத்தில் அந்த கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள் என்று பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும், குரல் இறங்கிவிடும். மலிவுக் கார் விற்பதில் லாபம் குறைவு. அதை சர்வீஸில்தான் பிடிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அங்கிருந்து நேராக எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் தொட்டிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் மெல்லத் தூக்கினார். கால் அங்குலம்கூட ஏறியிருக்காது. நடுக்கம் நின்றது. இறக்கினார், வந்தது. மறுபடி தூக்கினார்.

"வலது பக்கம்தான் டாக்டரம்மா. ரப்பர் கிழிஞ்சு இரும்போட இரும்பு உட்கார்ந்திருக்கு. மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"மூணும் மாத்தணும்னு சொன்னாங்களே அண்ணே?"

"மாத்தினா அவங்களுக்கு நல்லது."

ஒன்றை மட்டும் மாற்றினார். மற்ற இரண்டில் ஒன்று 1,18,000-ல் போனது, இன்னொன்று இன்னும் கம்பெனியில் இருந்து வந்ததுதான். கழற்றிய மவுன்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் குறுக்கே பிளந்து, உள்ளே உலர்ந்த மண் மாதிரி பொடி. தேய்ந்துபோன முழங்காலை எக்ஸ்ரேயில் பார்ப்பது போலத்தான் இருந்தது: எலும்பில் குறையே இல்லை, நடுவில் இருக்க வேண்டியதுதான் இல்லை.

வாரண்டி? இதற்கெல்லாம் வராது. வாரண்டி புத்தகத்தை வாங்குவதற்கு முன்பு படிக்கிறவர்கள் குறைவு, நானும் படிக்கவில்லை. எஞ்சினும் கியர் பாக்ஸும் உண்டு. ரப்பர், கிளட்ச், பிரேக், பல்பு, வைப்பர் எல்லாம் 'தேய்மானப் பொருட்கள்' என்று தனிப் பட்டியலில் போய்விடும். இருந்தாலும் வாரண்டியின் நீளத்தைப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் கம்பெனி தன் வண்டி மேல் கட்டுகிற பந்தயம் அது. ஹூண்டாய் 1986-ல் எக்ஸெல் என்ற மலிவுக் காரோடு அமெரிக்காவுக்குப் போனது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது, பின்னாலேயே தரத்தைப் பற்றிய கெட்ட பெயரும் வந்தது. அந்தப் பெயரைத் துடைக்க 1998-ல் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் பத்து வருடம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். விளம்பர வசனத்தைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். வண்டி உடைந்தால் அவர்கள் கையிலிருந்துதானே போகும்.

மூன்றாவது வருடம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது: பெட்ரோல் பம்ப்பில் ஒரு குறை இருக்கலாம், கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. ரீகால் என்றதும் வீட்டில் எல்லோரும் பதறினார்கள். நான் பதறவில்லை. தப்பை ஒத்துக்கொண்டு கூப்பிடுகிற கம்பெனி, கூப்பிடாத கம்பெனியைவிட மேல். அரை நாளில் முடிந்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஏதாவது ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

88,000-ல் கிளட்ச். நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அது நல்ல ஆயுள்தான். டயர் 48,000-ல் ஒரு செட், 95,000-ல் ஒரு செட். இரண்டாவது முறை வாங்கும்போது நான்கில் ஒரு டயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்க எண் மற்றதோடு ஒத்துப்போகவில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த ஒன்று மட்டும் இரண்டு வருடம் பழசு. காட்டினேன், பேசாமல் வேறு கொடுத்தார்கள்.

அப்புறம் 1,04,000. அது நான் மறக்க விரும்புகிற பக்கம்.

இந்தக் காரில் எஞ்சின் சூடு காட்டும் முள் கிடையாது. ஒரு நீல விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. ஸ்டார்ட் செய்ததும் நீலம் எரியும், எஞ்சின் கொஞ்சம் சூடானதும் அணையும். சிவப்பு எரிந்தால் கதை முடியப்போகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு முள்ளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வாங்கும்போது இதை நான் கவனிக்கக்கூட இல்லை. பாட்டுப் பெட்டியில் புளூடூத் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் என்ற திரவத்தின் அளவு அதன் டப்பாவில் குறைந்துகொண்டே வந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம், நெரிசலில் நிற்கும்போது ஏசியிலிருந்து வெறும் காற்று வந்தது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் வண்டியின் கம்ப்யூட்டர் சுமையைக் குறைக்க ஏசியைத்தான் முதலில் வெட்டிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 'கேஸ் தீர்ந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் இனிப்பு கலந்த ஒரு வாடை. அப்புறம் சிவப்பு விளக்கு.

ஓரம் கட்டி, அணைத்துவிட்டு இறங்கினேன். பானட்டுக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று சத்தம். அடுத்த வீட்டில் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருந்தது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மெக்கானிக் அண்ணன் பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. குனிந்து, டார்ச் அடித்து, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் விரலை வைத்துத் தடவினார். வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு. மயிரிழை விரிசல்.

"கூலன்ட் குறைஞ்சுதா?"

"ஆமாண்ணே, தண்ணி ஊத்திட்டுதான் இருந்தேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"குறையுதுன்னா எங்கேயோ போகுதுன்னுதானே அர்த்தம் டாக்டரம்மா? உங்ககிட்ட ஒருத்தர் தினமும் கால் வீங்குதுன்னு வந்தா, தினமும் எண்ணெய் தடவி அனுப்பிடுவீங்களா?"

பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மூடிய குழாய்களுக்குள் சுற்றுகிற திரவம் தானாகக் குறையாது. அதோடு, வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்க வைக்கும். நான் செய்தது வைத்தியமே இல்லை, நோயை மூடி வைத்தது.

பிளாஸ்டிக் கூடு, தெர்மோஸ்டாட், புதுக் கூலன்ட், அவ்வளவில் முடிந்தது என் அதிர்ஷ்டம். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்று அண்ணன் டிப் ஸ்டிக்கை இழுத்து எண்ணெயில் பால் கலந்த நிறம் இருக்கிறதா என்று பார்த்தார், சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டியிருந்தால் அந்த ஒரு மத்தியானத்தில் ஒன்பது வருடக் கணக்கும் தலைகீழாகியிருக்கும்.

அடுத்த நாளே ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி பிளக்கில் சொருகுகிற ஒரு சின்னக் கருவி வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். போனில் எஞ்சின் சூடு எண்ணாகத் தெரியும். ஓடும்போது 88, 90. நெரிசலில் 97 வரை ஏறும், ஃபேன் ஓடும், இறங்கும். கம்பெனி எடுத்துவிட்ட முள்ளை நான் திரும்ப வைத்துக்கொண்டேன். இதே மாதிரி முள் இல்லாத கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்கிற ஒரே கொள்முதல் இதுதான்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 90-க்கு மேல் போனால் டயர் சத்தம் கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பின் சீட்டில் இருப்பவரோடு பேசக் கத்த வேண்டும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சத்தம் உறிஞ்சும் அட்டை பேருக்கு ஒரு துண்டு. பானட் முனையில் கல் பட்டுப் பெயிண்ட் பொட்டுப் பொட்டாகப் போயிருக்கிறது. ஆனால் சீட்டைப் பற்றி என்னால் சும்மா இருக்க முடியாது, தொழில் அப்படி. தொடைக்குத் தாங்கல் போதாது, அடிமுதுகு வளைவுக்கு ஒன்றுமே கிடையாது, ஸ்டியரிங் மேலே கீழே நகரும், முன்னே பின்னே வராது. கால் நீளமானவர்கள் ஒன்று கையை நீட்டி ஓட்ட வேண்டும், இல்லை முழங்காலை மடக்கி ஓட்ட வேண்டும். நான் ஒரு துண்டை உருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் ஷோரூமில் பத்து நிமிட ஓட்டத்தை நம்பாதீர்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதுகு சொல்லும்.

மைலேஜ்: கம்பெனி சொன்னது லிட்டருக்கு 23. டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பிக் கணக்குப் போட்டால் எனக்குக் கிடைப்பது 16-க்கும் 18-க்கும் நடுவே. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கிற எண் அது. இரண்டு காரை ஒப்பிட உதவும், பெட்ரோல் செலவைக் கணிக்க உதவாது.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. இதற்கு ஒரு படி மேல் வேரியன்ட்டில் கூடுதல் ஏர்பேக்குகளும், வழுக்கும்போது வண்டி சுழலாமல் பிடித்து நிறுத்தும் இஎஸ்சியும் இருந்தன. 'சின்ன ஓட்டம்தானே, எதற்கு' என்று விட்டுவிட்டேன். ஒரு மழை நாளில் வளைவில் பின்பக்கம் விலகி ஓடப் பார்த்தபோது எதற்கென்று தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை, எதிரே யாரும் வரவில்லை. விபத்தில் இடுப்பு உடைந்தவர்களை நடக்கவைப்பதே தொழிலாக இருக்கும் நான், அந்த இடத்தில் போய் மிச்சம் பிடித்திருக்கக் கூடாது. மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த வருடத்துச் சோதனை என்றும் பாருங்கள். விதிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுகிக்கொண்டே வருகின்றன. பத்து வருடம் முன்பு வாங்கிய நான்கு நட்சத்திரமும் இன்றைய நான்கும் ஒன்றில்லை. அதே போல, எந்த வேரியன்ட்டைச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம்.

கடைசிப் பக்கத்தில் கூட்டல் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அதிகம் தின்றது பெட்ரோல், அதில் ஆச்சரியமில்லை. அடுத்தது இன்சூரன்ஸ். அப்புறம் ஆயில், ஃபில்டர் என்று வழக்கமான சர்வீஸ். அப்புறம் டயர். பழுது பார்த்த செலவு ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது. எதிர்பாராத பழுதுகளுக்கு ஆன மொத்தமும், நான் கட்டிய இன்சூரன்ஸ் தொகையில் பாதியைத் தாண்டவில்லை. கிளட்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் அண்ணன் அதே வருடத்தில் வாங்கிய பெரிய காருக்கு ஏசி கம்ப்ரஸர் ஒன்று மாற்றியதற்கு, என்னுடைய மூன்று வருடப் பழுதுச் செலவு ஆயிற்று. அவன் காரில் உட்கார்ந்தால் சுகம்தான், அதை மறுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அதுவும் என்னுடையதைப் போல இரண்டு முறைதான் நடுவழியில் நின்றது. அதை எழுப்ப ஆன செலவும் காத்திருந்த நாட்களும்தான் வேறு. பாகம் வரவே பதினொரு நாள் ஆயிற்று. என்னுடையதற்கு எந்தப் பாகமும் மறுநாளைத் தாண்டியதில்லை.

விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு பழைய கார் வியாபாரியிடம் காட்டினேன். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். அண்ணன் காருக்கு அதே ஆள் சொன்னது ஐந்தில் ஒரு பங்கு. வியாபாரி என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் வண்டியோட சேர்த்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். இப்போதைக்கு விற்பதாக இல்லை என்றேன்.

தோழிக்கு வருவோம். அவளுடைய ஓட்டம் வேலைக்குப் போக இருபது, வர இருபது கிலோமீட்டர், நிற்காத சாலை. என்னுடையதைவிட எஞ்சினுக்கு நல்ல வாழ்க்கை. வாங்கு என்றேன், ஆனால் இஎஸ்சி இருக்கிற வேரியன்ட் என்றால் மட்டும். புதுசுக்குக் கை எட்டாவிட்டால் அதே வேரியன்ட்டில் மூன்று வருடம் ஓடிய பழசு பரவாயில்லை, விலை பெரிதாக விழுகிற வருடங்களை முதல் ஆள் ஏற்றுக்கொண்டிருப்பார். அப்படி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆறிய எஞ்சினில் கூலன்ட் டப்பாவைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஏசியைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும்.